விகுதி

பகுபதத்தின் கடைசியில் நின்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் உறுப்பு விகுதி. எச்சம், வியங்கோள், தொழிற்பெயர் என்று சொல்லின் வகையைக் காட்டும் விகுதிகளும் உண்டு. சொல்லின் ஈற்றில் நிற்பதெல்லாம் விகுதி என்றே தொடக்க நிலையில் பலரும் கற்கிறார்கள். இது போதாத விளக்கம். விகுதியை அது நிற்கும் இடத்தை விட அது செய்யும் வேலையைக் கொண்டே அறிய முடியும். தமிழில் இதைத் தெளிவாக்கிய நூல் பவணந்தி முனிவரின் நன்னூல்.

நன்னூல் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, மூன்றாம் குலோத்துங்க சோழனுக்குக் கீழிருந்த கங்க மரபுச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட எழுதப்பட்டது. ஆசிரியர் சமணர்; சனகை என்னும் ஊரைச் சேர்ந்த சன்மதி முனிவரின் வழிவந்தவர் என்று நூலின் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அந்தச் சனகை, பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பர். அவிநாசியிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் பெருந்துறைக்கு முன்பே வரும் விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுத்த பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் அங்கேதான் அரங்கேறியது என்பது அவ்வட்டாரத்து வழக்கு. அந்த ஊர்க்காரரான கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகமும் பவணந்தியைக் கொங்கின் பெருமைகளில் ஒருவராகப் பாடுகிறது. சீயகங்கன் கோலார்ப் பக்கத்தவன் என்பதால் சனகையையும் கன்னட நாட்டில் தேடியவர்கள் உண்டு. ஆனால் புரவலனின் ஊரைக் கொண்டு புலவரின் ஊரை முடிவு செய்ய இயலாது. கங்கர் ஆட்சியும் சமணமும் கொங்கில் நெடுங்காலம் வேரூன்றியிருந்ததைப் பார்க்கும்போது சீனாபுரமே பொருந்துகிறது.

நன்னூல் எழுத்ததிகாரத்தின் இரண்டாம் இயல் பதவியல். சொல்லைப் பகாப்பதம், பகுபதம் என்று பிரித்து, பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுப்பது இந்த இயல்தான். ‘வந்தனன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். அடுத்து வரும் தகரம் சந்தி. அது ‘ந்’ ஆனது இன்னொரு விகாரம். அதன் பின் உள்ள ‘த்’ இறந்தகால இடைநிலை. மிஞ்சுபவை இரண்டு ‘அன்’. ஒலியில் இரண்டும் ஒன்றே. ஆயினும் முதலாவது சாரியை, இரண்டாவதே விகுதி. வந்தவள் பெண்ணானால் ‘வந்தனள்’, பலரானால் ‘வந்தனர்’. முதல் ‘அன்’ அசையாமல் நிற்க, கடைசி உறுப்பு மட்டும் வினைமுதலுக்கு ஏற்ப மாறுகிறது. முதல் ‘அன்’ இல்லாமல், ‘ஆன்’ விகுதி ஏற்று ‘வந்தான்’ என்றாலும் பொருள் குறைவதில்லை. வினைமுற்றில் எழுவாய் மாற எது மாறுகிறதோ அது விகுதி. பதவியலின் பகுப்பு கற்பவர் கையில் கொடுக்கும் சோதனை இதுவே.

இதில் புதுமை எது, தொல்காப்பியர் வினையியலில் அம், ஆம், எம், ஏம் தொடங்கி ஈறுகளை அடுக்கவில்லையா என்று கேட்கலாம். அடுக்கியிருக்கிறார், பவணந்தியின் விகுதிப் பட்டியல் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் காலம் காட்டும் உறுப்புகளைத் தனியே எடுத்து, த், ட், ற், இன் என இறந்தகாலத்துக்கும், கிறு, கின்று, ஆநின்று என நிகழ்காலத்துக்கும், ப், வ் என எதிர்காலத்துக்கும் பெயர் சொல்லி வைத்தது நன்னூல். காலம் இடைநிலைக்குப் போனதும் விகுதியின் வேலை எதுவென்று துலங்கிவிட்டது. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் முந்தியதல்லவா என்றால், அது தமிழ்ச் சொல்லை வடமொழியின் தாதுவுக்கும் பிரத்தியயத்துக்கும் ஏற்பப் பார்த்த நூல். பகுதி, விகுதி என்ற பெயர்களும் வடமொழி வழி வந்தவைதாம். ஆறு உறுப்பாகப் பகுத்த முறை தமிழ்ச் சொல்லின் நடப்பிலிருந்து எடுத்தது. விகுதியே காலமும் காட்டும் இடங்களைப் பவணந்தி மறைக்கவும் இல்லை: பழந்தமிழில் ‘சென்று’ என்றால் ‘சென்றேன்’, ‘சேறு’ என்றால் ‘செல்வேன்’ எனவும் பொருள்பட்டன, அவற்றைத் தனி நூற்பாவில் வைத்தார். ‘நட’ என்னும் ஏவலில் விகுதியே காணோமே என்ற கேள்விக்கு, ‘ஆய்’ விகுதி புணர்ந்து கெட்டது என்பது உரைமரபு தரும் விடை. ‘நடவாய்’ என்ற வடிவம் வழக்கில் இருப்பதால் அதை ஏற்கத் தடையில்லை.

இதே சிக்கலை அரபு இலக்கணிகளும் சந்தித்தார்கள். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் சீபவைஹி இயற்றிய ‘அல்-கிதாப்’ முதற்கொண்டு வளர்ந்த மரபு அது. ‘கதப்து’ என்றால் எழுதினேன். ‘கதபத்’ என்றால் எழுதினாள். இரண்டின் ஈற்றிலும் தகரம். முதலாவதை எழுவாயாகவே நிற்கும் பிரதிப்பெயர் என்றும், இரண்டாவதைப் பெண்பாலின் வெறும் அடையாளம் என்றும் பிரித்தார்கள். ‘கதபத் பாத்திமா’ என்று எழுவாயைப் பின்னால் வைக்கலாம் என்பது அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று. ‘வந்தனன்’ காட்டும் பாடத்தையே இதுவும் காட்டுகிறது. ‘கிதாப்’ பன்மையில் ‘குதுப்’ ஆவது போல உள்ளுயிர் மாறும் மொழியில்கூட, ஈற்று உறுப்பை வேலையால்தான் அடையாளம் காண முடிந்தது.

இதே சோதனையைக் கொங்குப் பேச்சிலும் வைத்துப் பார்க்கலாம். அவிநாசிப் பேருந்து நிலையத்தில் “பஸ்ஸு போயிருச்சுங்க” என்று ஒருவர் சொன்னால், அந்த ‘ங்க’ பேருந்துக்குத் தரும் மரியாதை அல்ல, கேட்பவருக்குத் தருவது. “வந்தானுங்க” என்பது பிற வட்டாரங்களில் பலர் வந்ததைக் குறிக்கும். கொங்கில் வந்தவன் ஒருவனே. எழுவாயை எப்படி மாற்றினாலும் ‘ங்க’ மாறாது; கேட்பவர் சிறு பிள்ளையானால் அது விழுந்துவிடும். ‘சரிங்க’, ‘ஏனுங்க’, ‘இல்லீங்க’ என்று வினையல்லாத சொல்லோடும் அது ஒட்டும். ஆகவே ஈற்றில் நின்றாலும் இது விகுதியன்று. நன்னூல் இடையியல் சொல்லும் முன்னிலை அசைகளுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது, மதிப்புப் பொருளும் சேர்ந்தது. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பவற்றில் மட்டும் வரவேண்டியவரும் சொல்லவேண்டியவரும் கேட்பவரே ஆதலால் அது விகுதியாகிறது. அரபியில் ‘அது’ என்று சுட்டும் ‘தாலிக’, கேட்போர் பலரானால் ‘தாலிகும்’ ஆகும். சுட்டப்படும் பொருள் மாறுவதில்லை. அந்தக் ககரத்தைப் பிரதிப்பெயராக எண்ணாமல், விளிப்புக்குரிய இடைச்சொல் என்றே அவ்விலக்கணிகள் வகுத்தார்கள்.

நன்னூலின் மிகப் பழைய உரையான மயிலைநாதர் உரையை உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். இன்று பள்ளித் தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் தேர்வு வினாவாக இருக்கிறது. பிரிக்கக் கொடுக்கப்படுபவை எழுத்து வழக்குச் சொற்களே.