கோயம்புத்தூர்ச் செங்கற் கட்டடமும் ஒரு நெல்லின் பெயரும்

கோயம்புத்தூரில் லாலி வீதியை அடுத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தினுள்ளே செங்கல்லாலான பழைய கட்டடமொன்று நிற்கின்றது. பல்கலைக்கழகம் தோன்றியது 1971ஆம் ஆண்டில். கட்டடமோ 1909இலேயே திறக்கப்பட்டுவிட்டது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டபோது அதற்கென எழுந்த கட்டடம் இது. அக்காலத்துச் சென்னை ஆளுநர் சர் ஆர்தர் லாலியின் பெயரே வீதிக்கு நிலைத்தது. ஆளுநர் பெயர் வீதிக்குக் கிடைப்பது எளிது; உழவன் வைத்த பெயர் ஏட்டில் நிலைப்பதுதான் அரிது. அதற்குச் சான்று இவ்விடத்திலேயே உண்டு.

1912இல் இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பார்னெல் என்னும் தாவரவியல் அறிஞர் அதனை நடத்தினார். அவர் கையாண்ட முறை எளியது. உழவர் வயல்களிலிருந்து நெற்கதிர்களைத் திரட்டுவர். ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனித்தனி வரிசையில் விதைப்பர். விளைச்சலும் குணமும் மாறாது நிற்கும் வரிசையை மட்டும் தெரிந்தெடுத்து மீண்டும் விதைப்பர். பல பருவப் பொறுமை வேண்டும் வேலை அது. ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவிலிருந்து இவ்வாறு பிரித்தெடுத்த சன்ன அரிசி நெல்லொன்று 1921இல் வெளியிடப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் ஜி.ஈ.பி. 24. அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவிப் பெயரின் முதலெழுத்துகள் அவை. நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊரின் பெயர் அதில் இல்லை.

எனினும் அந்த நெல் ஓரூரோடு நின்றுவிடவில்லை. அதனைக் கோ. 18 என்னும் நெல்லுடன் கலந்து டி.கே.எம். 6 உருவாயிற்று, அதன் வழியே, பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 20 வரையும் கிச்சிலியின் மரபு சென்றது.

உடையார்கட்டுக் குளத்தின் கீழ் விதைக்கும் வன்னிக் கமக்காரருக்கும் இது அந்நியக் கதையன்று. நம் நாட்டிலே பத்தலகொடையில் உருவாகி 1958இல் வெளிவந்த எச்-4 நெல்லின் ஒரு பெற்றோர் முருங்கக்காயன் என்னும் நாட்டு நெல்லே. அங்கும் எழுத்தும் எண்ணுமே எஞ்சின. தமிழகத்திலோ அரசாங்க ஏடு என்ன சொன்னாலும், உழவர் ஜி.ஈ.பி. 24 நெல்லையும் கிச்சிலிச் சம்பா என்றே அழைத்து வந்தனர்.