கம்மடுவைக்கு மேல் ஒரு புள்ளி

அது பிறந்த இடம் ஒரு மேகத்தின் உச்சி. 2025 நவம்பர் 27ஆம் திகதி இரவு, மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவைப் பகுதியில் நக்கிள்ஸ் மலைத்தொடரை மூடிக் கிடந்த மேகம். குளிர்ந்த பொருளும் வெப்பக்கதிர் விடும், கொஞ்சமாக. அந்தக் கதிர் மேலே கிளம்பி, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் ஏறி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இன்சாட்-3டிஎஸ் என்ற இந்தியச் செய்மதியின் கண்ணாடி ஒன்றில் பட்டது. கதிர் எண்ணாயிற்று. எண் படத்தில் ஒரு புள்ளியாயிற்று.

இந்தச் செய்மதி மாத்தளைக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு நேரே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல், கிழக்கு நெடுங்கோடு 82 பாகை அதன் இருப்பிடம். மாத்தளை நகரம் 80.6 பாகையில். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நின்று, கோபுரத்தையும் தாண்டித் தலையை நன்றாகச் சாய்த்து, உச்சியிலிருந்து சற்றே தெற்காகப் பார்த்தால் அதன் திசை. இலங்கையைப் பார்க்கும் இன்னொரு கண்ணான யப்பானின் ஹிமாவரி-9, 140.7 பாகையில் நிற்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு படம் தரும், படமும் இன்னும் கூர்மை. ஆனால் நம்மை அது சாய்வாகத்தான் பார்க்கிறது. 15 கிலோமீற்றர் உயர்ந்த மேகத்தின் உச்சி அதன் படத்தில் 30 கிலோமீற்றருக்கும் அதிகமாக மேற்கே தள்ளி விழும். கணக்குப் போட்டுத் திருத்தாவிட்டால் இரத்தோட்டை மேகம் குருநாகலுக்குப் போய்விடும்.

நிலநடுக்கோட்டுக்கு மேல் இந்த உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமியிலிருந்து பார்ப்பவருக்கு ஓரிடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்படி நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1954இல் அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஹரி வெக்ஸ்லருக்கு, செய்மதியால் வானிலையைப் பார்ப்பது பற்றிக் கடிதம் போட்டவரும் அவர்தான். 1960 ஏப்ரல் 1ஆம் திகதி டைரோஸ்-1 என்ற வானிலைச் செய்மதி ஏவப்பட்டபோது கிளார்க் இலங்கைவாசி. மாத்தளை மாவட்டத்தின் சீகிரியாக் குன்றைப் பெயர் மாற்றி வைத்து அவர் 1979இல் வெளியிட்ட நாவலில், மனிதர்கள் பருவக்காற்றையே ஆட்டுவிக்கிறார்கள். நிஜத்தில் இன்றுவரை பார்ப்பதோடு சரி.

இன்சாட்-3டிஎஸ் 2024 பெப்ரவரி 17ஆம் திகதி மாலை 5.35க்கு ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. அடிக்கடி சறுக்கியதால் 'குறும்புப் பையன்' என்று பெயரெடுத்த ராக்கெட் அது. அன்றைக்கு அடங்கி நடந்துகொண்டது. செய்மதியின் எடை 2,274 கிலோ. மார்ச் 7ஆம் திகதி முதற்படங்கள் வந்தன. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த இரண்டு கருவிகள் அதில் முக்கியமானவை: 6 அலைவரிசைகளில் படம் எடுக்கும் கருவி ஒன்று, 19 அலைவரிசைகளில் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்கும் கருவி இன்னொன்று.

படம் ஒரே சொடுக்கில் விழுவதில்லை. கண்ணாடி கிழக்கும் மேற்குமாக ஆடியபடி, வடக்கிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறது. பூமியின் முழு வட்டத்தையும் தடவி முடிக்க ஏறத்தாழ 26 நிமிடம். 74 பாகையில் நிற்கும் மூத்த சகோதரமான இன்சாட்-3டிஆரும் மாறிமாறி எடுப்பதால் 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைத்துவிடுகிறது. வெப்பக்கதிர்ப் படத்தில் ஒரு புள்ளியின் அளவு நாலுக்கு நாலு கிலோமீற்றர். தேயிலை மலை, ஆற்றுப் பள்ளம், லயம், ஸ்டோர், கோயில் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி.

அந்தப் புள்ளி இப்போது இந்தியாவில் தரையிறங்குகிறது. கர்நாடகத்தின் ஹாசனிலிருந்து செய்மதியை மேய்க்கிறார்கள்; டில்லியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தரவைப் பெற்றுப் பதப்படுத்துகிறது. வந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. கருவி விண்வெளியில் சூடாகும், ஆறும், மூப்படையும். அதனால் கருவிக்குள்ளேயே, வெப்பநிலை தெரிந்த கரும்பரப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கண்ணாடி இடையிடையே அதையும் பார்க்கும், வெறும் விண்வெளியின் கடுங்குளிரையும் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கம்மடுவை எண்ணை வைத்துப் பார்த்துத்தான் மேகத்தின் உச்சி இத்தனை பாகை என்று சொல்கிறார்கள். செய்மதி ஒரு மயிரிழை தலையசைத்தாலும் புள்ளி பக்கத்து மலைக்குத் தாவிவிடும் என்பதால், கரையோரங்களை அடையாளம் வைத்துப் படத்தை வரைபடத்தில் பொருத்துவது அடுத்த வேலை.

வங்கக்கடல் சூறாவளிகளுக்கு டில்லியே இந்தப் பிராந்தியத்தின் எச்சரிக்கை மையம். அங்கிருந்து இலங்கை உட்படச் சுற்றியுள்ள நாடுகளுக்கு அறிக்கை போகும். மேகச் சுருளின் வடிவத்தையும் குளிரையும் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை 1970களில் வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்தார். இன்றும் அதுவே கைகொடுக்கிறது. நவம்பர் 27ஆம் திகதி அப்படி மதிப்பிட்டபோது இலங்கையை ஒட்டியிருந்த தாழமுக்கம் சூறாவளியாகிவிட்டிருந்தது. யேமன் கொடுத்து வைத்திருந்த 'டித்வா' என்ற பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பெயர் பெறும் தகுதியில் அது ஆகக் கீழான படி. காற்றைக் கொண்டு பார்த்தால் சாதாரணப் புயல்.

நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது காற்றல்ல. கம்மடுவையில் 24 மணித்தியாலங்களில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. மெதுவாக நகர்ந்த புயல், கடலிலிருந்து ஈரத்தை அள்ளி மலைமீது எறிந்துகொண்டே இருந்தது. இங்கேதான் நம் புள்ளியின் பலவீனம் தெரிகிறது. அது மேகத்தின் தலையைப் பார்க்கிறது, அடிவயிற்றைப் பார்ப்பதில்லை. உச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு மழை என்பது சமவெளியிலும் கடலிலும் ஓரளவு பலிக்கும் கணக்கு. நக்கிள்ஸ் போன்ற மலையில் காற்று மோதி ஏறும்போது, மேகம் அதிக உயரம் போகாமலே கொட்டித் தீர்க்கும். செய்மதி அதைக் குறைத்தே மதிப்பிடும். இது விஞ்ஞானிகளுக்குப் பழைய தலைவலி. நுண்ணலையால் மேகத்துக்குள் பார்க்கும் செய்மதிகள் உண்டு, ஆனால் அவை தாழ்வாகச் சுற்றுபவை. வேண்டிய நேரத்தில் தலைக்கு மேல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே புள்ளிக்குத் தரையில் ஒரு சாட்சி வேண்டும். தோட்டங்களில் அது காலங்காலமாக இருக்கிறது: வெட்டவெளியில் நட்ட ஓர் உருளை, வாயில் புனல், உள்ளே போத்தல். காலை 8.30க்கு ஒருவர் போய்ப் போத்தல் நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கும் மழை அளவில்தான் தொடங்குகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். கம்மடுவையில் விழுந்தது கடைசி எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வந்த பிறகு, புள்ளியின் பயணம் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று படியிறங்குகிறது. விண்ணிலிருந்து நொடிக்குள் வந்த செய்தி மணிக்கணக்கில் தாமதிப்பது இங்கேதான். மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் செத்தன, பாதைகள் அறுந்தன. அவை புயலின் வேலை. உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்று அந்த நாட்களில் பரவலாக எழுந்த குறை வேறு வகை. லயத்து மக்களில் பெரும்பாலோர் தமிழர் என்பது எந்தச் செய்மதியும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விடயமல்ல. தமிழ் தெரிந்த இரண்டு பேரை இரவுக் கடமையில் வைத்தாலே தீரக்கூடிய தாமதம் அது.

அடுத்த 15ஆவது நிமிடத்தில் கம்மடுவைக்கு வேறொரு புள்ளி வந்துவிட்டது. பழையது களஞ்சியத்துக்குப் போனது. அகமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தும் மோஸ்டாக் தரவுக் களஞ்சியத்தில், பதிவு செய்துகொண்டவர் எவரும் இன்சாட் தரவுகளைத் தேடி இறக்கிக்கொள்ளலாம். மலைமழையைச் சரியாக மதிப்பிடப் புதுக் கணக்குகள் எழுதுபவர்களுக்கு டித்வா நாட்களின் புள்ளிகள் நல்ல பரீட்சைத் தாள். பக்கத்தில் வைத்துத் திருத்துவதற்குத் தோட்டக் குறிப்பேடுகளின் எண்களும் வேண்டியிருக்கும். அவற்றில் எத்தனையோ இன்னும் தோட்டக் கந்தோர் அலுமாரிகளில், காகிதத்தில்தான் இருக்கின்றன.