யார் சொன்ன சொல்? கண்டித் தோட்டப்புறங்களில் பேய்பிடித்தலும் விலகல் கோளாறுகளும்

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தம் நூலில் ஒரு காட்சியை விவரிக்கிறார். அங்குள்ள ஆண்களும் பெண்களும் ஏதோவொன்றால் ஆட்கொள்ளப்படுவதை அவர் பலமுறை நேரில் கண்டிருக்கிறார். சிலர் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினர். சிலர் பேச்சற்று நடுங்கினர், ஆடினர், நெருப்பை மிதித்தும் காயமின்றி நின்றனர். சிலருக்கு இது இரண்டு மூன்று நாளில் தீர்ந்தது, சிலருக்கு இரண்டு மூன்று மாதம் நீண்டது. எல்லாம் பேயின் வேலையே என்பதில் நொக்ஸுக்கு ஐயமில்லை. இயேசுவை வணங்குவோர் எவரும் இந்நிலைக்கு ஆளாகித் தாம் கண்டதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துப் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதே நடுக்கத்தையும் பேச்சிழப்பையும் ஆய்ந்தபோது, அவருடைய வார்டில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம்.

நொக்ஸின் பதிவை இன்று வாசிக்கும் உளமருத்துவர் அதில் விலகல் கோளாறுகளின் பட்டியலையே காணக்கூடும். நினைவு, தன்னடையாளம், புலனுணர்வு, உடலசைவு ஆகியவை வழக்கமாக ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. தாங்கவியலாத நெருக்கடியில் அந்த இணைப்பு அறுபட்டு, ஒரு பகுதி தன் போக்கில் இயங்கத் தொடங்குவதே விலகல். இதை 1889இல் முறையாக எடுத்துரைத்தவர் பியர் ஜானே. நடந்த ஒன்றை முற்றாக மறந்துபோவது, தன் உடலைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பதுபோல உணர்வது, மூளையில் வலிப்பின் மின்மாற்றம் எதுவுமின்றி வலிப்பு வருவது, குரல் அடைத்துப்போவது, வேறோர் ஆள் தனக்குள் புகுந்து பேசுவதாக உணர்வது எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றோடு குழப்பிக்கொள்ளப்படும் மனச்சிதைவு வேறு நோய். 2005இல் வந்த ‘சந்திரமுகி’யும் ‘அந்நியனு’ம் நம் வாசகர் மனத்தில் பதித்த, ஓருடலில் குடியிருக்கும் பல ஆட்கள் என்ற வடிவமோ தெற்காசிய மருத்துவமனைகளில் அரிது. வர்மா, பூரி, விக் ஆகியோர் 1981இல் பல்லாளுமையையும் பேய்பிடித்த நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினர். மேற்கில் பல்லாளுமையாக வெளிப்படுவது இங்கே பெரும்பாலும் பேய்பிடித்தலாக வெளிப்படுகிறது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், சில பண்பாடுகளில் இக்கோளாறு ஆட்கொள்ளப்படுதலாக அனுபவிக்கப்படலாம் என்று ஏற்றுக்கொண்டது.

எனவே இது பேயா நோயா என்ற பழைய வழக்கை மீண்டும் விசாரிப்பதில் பயன் குறைவு. கேட்கவேண்டியது வேறு. ஆட்கொள்ளப்பட்ட நிலையில் ஒரு பெண் வாய்திறந்து சொல்லும் சொல் யாருடையதாகக் கொள்ளப்படுகிறது? அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு யார்மேல் விழுகிறது? கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் இந்நிலையைப் புரிந்துகொள்ள இக்கேள்விகளே திறவுகோல் என்பது என் வாதம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராம் நோய் வகைப்பாட்டில் ‘ஆட்கொள்ளல் மெய்ம்மறதிக் கோளாறு’ தனித் தலைப்பாக இடம்பெற்றுள்ளது. அதன்படி, வழக்கமான தன்னடையாளத்தின் இடத்தைப் புறத்திலிருந்து வந்த ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்நிலை விருப்பமின்றி வரவேண்டும். அதனால் கடுந்துயரோ செயலிழப்போ ஏற்படவேண்டும். சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாகவும் அது இருக்கலாகாது. கடைசி நிபந்தனை நல்லெண்ணத்தில் எழுந்தது. தீமிதியன்று அம்மன் கோயில் முன் அருள்வந்து ஆடுபவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது மடமை. ஆயினும் சமூகம் ஏற்றுக்கொண்டதா என்ற கேள்விக்கு விடைசொல்வது யார்? வெளிநோயாளர் பிரிவில் அந்த விடையைத் தருபவர் பெரும்பாலும் கணவர், அல்லது மாமியார்.

இத்தீவில் இப்பொருளை ஆழமாக ஆராய்ந்தவர் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. பேராதனையில் பயின்று அங்கேயே கற்பித்த அவர், 1981இல் வெளியிட்ட ‘மெடூசாவின் கூந்தல்’ நூலில் கதிர்காமத்துச் சடைமுடிப் பெண்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றார். முதலில் இறந்தோரின் ஆவி வந்து வதைக்கிறது. பின்னர் அதே வேதனை தெய்வத்தின் வரமாக உருமாறுகிறது. தனிப்பட்ட துயரம் பிறர் படிக்கக்கூடிய குறியீடாகும்போது அது நோயறிகுறி என்ற நிலையைக் கடந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. மறுக்கமுடியாத நுண்மை கொண்ட நூல். ஆனால் அதில் வருபவர்கள் கடந்து வந்தவர்கள். பூசாரிணி ஆனவர்கள், வாக்குக் கேட்க வரிசையில் ஆள் நிற்கும் தகுதி பெற்றவர்கள். அந்தக் கரை சேராமல் வாரத்துக்கு மூன்றுமுறை மயங்கி விழுந்துகொண்டே இருப்பவளுக்கு அக்கோட்பாடு சொல்வது குறைவு.

மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1971இல் வேறொரு பாதையைத் திறந்தார். அதிகாரமற்றோர், குறிப்பாகப் பெண்கள், நேரடியாகக் கேட்கமுடியாததை ஆவியின் வாயால் கேட்கிறார்கள் என்றார். இது தோட்டத்துக்குப் பொருந்துவதுபோலவே தோன்றும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை கண்டிக்கு அருகில்தான் இருக்கிறது. ஹேவாஹெட்ட, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை எனத் தொடரும் இம்மலைகளில் தென்தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தம் தெய்வங்களையும் கொண்டுவந்தனர். மாடசாமி, முனியாண்டி, காட்டேரியோடு தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும் இங்கேயே பிறந்து சேர்ந்துகொண்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் பலர் வாழும் வாழ்க்கையில் ஒருத்தி தன் மனத்தாங்கலை யாரிடமும் தனித்துச் சொல்ல இடமே இல்லை. பேயோட்டும் கோடாங்கி வந்து உடுக்கடித்து, “நீ யாரு? எங்கேருந்து வந்தே? என்ன வேணும்?” என்று கேட்கும்போதுதான் அவளிடம் ஊரறியக் கேள்வி கேட்கப்படுகிறது. அவள் சொல்கிறாள். தூக்குப்போட்டுக்கொண்டவளின் பெயரில், ஆற்றில் போனவனின் பெயரில் சொல்கிறாள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றியும், கொழுந்து பறித்த கூலி போன வழியைப் பற்றியும்கூட அதில் வந்துவிடும்.

லூயிஸோடு நான் முரண்படும் இடம் இதுதான். கேட்பதை அவர் கணக்கில் எடுக்கிறார், கேட்டதற்குக் கொடுக்கும் விலையை எடுக்கவில்லை. பேய் சொன்னதால் அவள் தப்பிக்கிறாள்; மறுநாள் காலை அவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதே காரணத்தால் அவள் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்பதும் இல்லை. கேட்டவர் அத்தனை பேர் இருந்தும் அச்சொல்லுக்குச் சொந்தக்காரி இல்லை. கோழியும் சாராயமும் பெற்றுக்கொண்டு பேய் போகிறது, முடிக்கற்றை மரத்தில் ஆணியடிக்கப்படுகிறது, கணவன் அதே காம்பராவில் இருக்கிறான். பாதுகாப்பு கிடைக்கிறது, பரிகாரம் கிடைப்பதில்லை. சடங்கு முடிந்து சில மாதங்களில் அதே பேய் திரும்பிவருவதில் வியப்பென்ன?

எப்போதும் இப்படியே முடிகிறது என்று சொல்லமாட்டேன். போர்க்கால மட்டக்களப்பில் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்த அம்மன் வாக்குச் சொல்வோர், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் வெளியே பேச அஞ்சியதைக் கோயில் முற்றத்தில் பேசினர். அங்கே கேட்டு நின்றோர் எல்லோரும் ஒரே இழப்பைச் சுமந்தவர்கள். சொல்லைப் பகிர்ந்து ஏற்க ஒரு கூட்டம் இருந்தது. லயத்தில் அடிபடும் தனி ஒருத்திக்கு அந்தக் கூட்டம் வாய்ப்பதில்லை.

இனி மருத்துவமனை. கண்டி, பேராதனைப் போதனா வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு இத்தகைய பெண் வந்துசேரும்போது மருத்துவர் முதலில் செய்யவேண்டியது உடல்நோயை விலக்குவது. கால்கை வலிப்பு, மூளையழற்சி, பிரசவத்துக்குப் பிந்திய மனநோய் போன்றவற்றைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூளை மின்வரைவு உதவும், ஆனால் ஒருமுறை இயல்பாக வந்ததை மட்டும் வைத்து வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பிறகுதான் விலகல் என்ற நோயறிதல். அப்பெயர் சூட்டப்பட்டதும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பேய் பேசவில்லை, நீதான் பேசினாய் என்று மருத்துவம் சொல்லிவிடுகிறது. சொல் அவளிடம் திரும்பி வருகிறது, கூடவே அபாயமும் வருகிறது. அறைக்கு வெளியே காத்திருக்கும் கணவனுக்கு இது தெரிந்தால் பேய் தந்த கவசம் போய்விடும். ‘நடிக்கிறாள்’ என்ற சொல் வீட்டிலும் சில வேளை வார்டிலும் எழுவது இப்போதுதான். விலகல் நடிப்பல்ல. அவள் திட்டமிட்டு விழுவதில்லை, விரும்பி எழுவதும் இல்லை.

அவளுக்கும் மருத்துவருக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். சிங்களம் தெரிந்த உறவினர் ஒருவர் அந்த வேலையைச் செய்கிறார். அடித்தவனோ அவன் தாயோ மொழிபெயர்க்கும் பேட்டியில் அடி வெளிப்படுமா? உகண்டாவில் வான் டைல் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆவி பிடித்த 119 பேரை ஆவி பிடிக்காத 71 பேரோடு ஒப்பிட்டபோது, ஆவி பிடித்தோரிடம் வன்முறை, இழப்பு போன்ற அதிர்ச்சி அனுபவங்கள் கூடுதலாகப் பதிவாயின. கேட்கும் முறை சரியாக இருந்தால் விடை வரும் என்பதற்கு இது சான்று. கோடாங்கி அவளுடைய தமிழிலேயே கேட்கிறார், அவளையே கேட்கிறார் என்பது மருத்துவமனை வெட்கப்படவேண்டிய ஒப்பீடு.

கோயிலை விட்டுவிடு என்று நோயாளியிடம் சொல்லச் சொல்வதாக இதைக் கொள்ளவேண்டாம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பற்றிய ஆய்வை ரகுராம் குழு 2002இல் வெளியிட்டது. சராசரி ஆறு வாரத் தங்கலில், மருந்தின்றியே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அதற்கு முந்திய ஆண்டு 6 ஆகஸ்ட் 2001 அன்று ஏர்வாடி தர்காவை அடுத்த மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். இரண்டும் சமயத்தின் பெயரால் நடந்தவை. அன்பான இடம், தங்கும் சுதந்திரம், சங்கிலியின்மை இவையே இரண்டையும் பிரிக்கின்றன. அளுத்நுவர தேவாலயத்துக்கோ தோட்டத்து மாரியம்மனுக்கோ அவள் போவதை மருத்துவர் தடுக்க வேண்டியதில்லை. அங்கே அடியும் கட்டும் உண்டா, வலிப்பு மாத்திரை நிறுத்தப்படுகிறதா என்று கேட்டால் போதும்.

ஆகவே வகைப்பாட்டின் அந்தக் கடைசி நிபந்தனையைக் கண்டியில் வேறுவிதமாக வாசிக்கவேண்டும் என்கிறேன். ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பதைக் குடும்பத்திடம் கேட்டுத் தீர்மானிக்கலாகாது. அவளிடம் தனியாக, தமிழில், உறவினரல்லாத ஒருவர் வழியாகக் கேட்கவேண்டும். வரும்போது அதை வேண்டாம் என்று நிறுத்த உன்னால் முடியுமா, வந்துபோனபின் உன் சொல்லுக்கு என்ன நடந்தது என்பன முதற்கேள்விகளாகட்டும். அடிபட்டது தெரியவந்தால் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடாமல் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் வைத்தியசாலை நட்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்புக் கட்டளையையும், பெண்களுக்கான 1938 என்ற உதவி எண்ணையும் அவளுக்குச் சொல்லவேண்டும். சொல்லைத் திருப்பிக் கொடுப்பவர் அதைக் காக்கவும் கடமைப்பட்டவர்.

இதற்குப் புதிய சட்டமோ புதிய நோய்ப்பெயரோ தேவையில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லத் தொடங்கியது 1987இல்.