லிஸ்பனில் விழுந்த நிழல்

மூளையின் ரத்தக்குழாய்கள் முதன்முதலில் படமானபோது அதற்காக ஒருவரின் கழுத்தைக் கீற வேண்டியிருந்தது. 1927 ஜூன் 28, லிஸ்பன் நகரம். நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு அப்போது வயது 52. கவுட் வாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன, ஊசி பிடிக்க முடியாது. உதவியாளர் அல்மெய்டா லிமாதான் கழுத்துத் தமனியை வெளியே எடுத்து, 25 சதவீத சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். எக்ஸ்ரே தகட்டில், உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகள் கிளைகிளையாக நிழல் விழுந்து நின்றன. முன்பு ஸ்ட்ரான்சியம் புரோமைடு செலுத்திப் பார்த்தபோது நோயாளி ஒருவர் இறந்திருந்தார். இந்தப் படத்தின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

மோனிஸ் தேடியது மூளைக் கட்டிகளை. சில ஆண்டுகளிலேயே அதே படத்தில் அன்யூரிசமும் தெரிந்தது. தமனி கவடு பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து சிறு குமிழாக உப்புவதுதான் அது. பெரும்பாலும் வலிக்காது, வெளியே தெரியாது. வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கொட்டிவிடும். 1937இல் பால்டிமோரில் மூளை அறுவை மருத்துவர் வால்டர் டான்டி ஒரு குமிழின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி போட்டு அடைத்தார். அதன்பின் படத்தைப் பார்த்து ஏதாவது செய்ய முடியும் என்றாயிற்று.

1953இல் ஸ்டாக்ஹோம் மருத்துவர் செல்டிங்கர் கழுத்தை விட்டுவிட்டுத் தொடை வழியாகக் கம்பியும் குழாயும் அனுப்பும் வழியைச் சொன்னார். கீறல் போயிற்று, ஊசி போகவில்லை. பக்கவாத ஆபத்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஊசியையும் நீக்கியது எம்.ஆர்.ஆஞ்சியோகிராம். இது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். காந்தப் புலத்துக்குள் ரேடியோ அலைகளை அடுத்தடுத்துச் செலுத்தும்போது, அசையாமல் இருக்கும் மூளைத் திசு களைத்து மங்கிப்போகிறது. கழுத்திலிருந்து அப்போதுதான் மேலேறி வரும் ரத்தம் களைக்காத ரத்தம், ஆகவே பளிச்சென்று ஒளிர்கிறது. மருந்து வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. ஓடும் ரத்தமே தன் படத்தை வரைந்துகொள்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கும் சிறிய குமிழ்கள் மட்டும் சிலநேரம் தப்பிவிடும்.

வலி போனதும் படம் நோயில்லாதவர்களிடமும் சென்றது. 1980களின் இறுதியில் ஜப்பானில் ‘நோ டோக்கு’ தொடங்கியது. ‘நோ’ என்றால் மூளை. ‘டோக்கு’, கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் டாக். நலமாக இருப்பவரே பணம் கட்டி மூளையைக் காட்டிவிட்டு வரலாம்.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு இந்தக் குமிழ் இருக்கிறது. ஜப்பானில் 5,720 பேரின் 6,697 குமிழ்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு வெடித்தவை 0.95 சதவீதம். 3-4 மில்லிமீட்டர் குமிழ்களில் அது 0.36 சதவீதம்தான். அடைக்கும் சிகிச்சையோ தானே பக்கவாதத்தைத் தரக்கூடியது. வெடிக்கவே போகாத குமிழைக் கண்டு வாழ்நாள் முழுதும் தூக்கம் கெட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஸ்கேன் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சில குடும்பங்களின் கதை வேறு. நெருங்கிய உறவில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ குமிழ் வெடித்து மூளையில் ரத்தக்கசிவு வந்த குடும்பங்களை நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் சோதித்தார்கள். முதல் ஸ்கேனிலேயே 11 சதவீதம் பேரிடம் குமிழ் இருந்தது. முதல் படம் சுத்தமாக வந்த சிலரிடம் பின்னாளில் புதிதாகத் தோன்றியது. பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இருவருக்கு இந்த ரத்தக்கசிவு வந்திருந்தாலோ, உங்களுக்கு அந்தச் சிறுநீரக நோய் இருந்தாலோ, நரம்பியல் மருத்துவரிடம் எம்.ஆர்.ஆஞ்சியோ பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் புகைபிடிப்பதை விடுங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். வாழ்க்கையில் கண்டிராத தலைவலி நொடியில் வந்து தாக்கினால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.