தமிழ்நாட்டுப் பெருநகரங்களின் ஈர்ப்பு

தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்வதாக 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. நாட்டின் பெரிய மாநிலங்களில் அதுவே மிக உயர்ந்த விகிதம். அப்போது சென்னை நகரத்திரளில் 86 லட்சம் பேரும், கோயம்புத்தூரில் 21 லட்சம் பேரும், மதுரையில் 14 லட்சம் பேரும், திருப்பூரில் ஒன்பதரை லட்சம் பேரும் இருந்தனர். இந்நகரங்கள் வளர்ந்ததற்குத் துறைமுகம், கரிசல் மண்ணின் பருத்தி, நீர்மின்சாரம், அரசுச் சலுகை என்று காரணங்களை அடுக்குவது வழக்கம். இவை தொடக்கத்தை மட்டுமே விளக்குகின்றன. கோவையில் 1888இல் நூற்பாலை எழுந்ததற்குச் சுற்றுவட்டாரப் பருத்தியும், 1930களில் ஆலைகள் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரமும் காரணம். இன்று பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. மின்சாரம் மாநிலமெங்கும் கிடைக்கிறது. ஆனாலும் தொழில் கோவையை விட்டுப் போகவில்லை. ஆலைகளை அண்டி வளர்ந்த பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் மோட்டார், பம்புசெட், வெட் கிரைண்டர் என்று கிளைவிட்டன. ஒரு தொழிலைச் செய்பவர்களும் அதற்குத் துணைவேலை செய்பவர்களும் ஓரிடத்தில் நெருங்கி இருப்பதுதான் பெருநகரங்களின் நீடித்த ஈர்ப்பு.

திருப்பூரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு டி-சர்ட் முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாக வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. நூல் வாங்கியவர் அதை நிட்டிங் கம்பெனியில் துணியாக்கி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடித்து, பிரிண்டிங்கையும் எம்ப்ராய்டரியையும் வெவ்வேறு இடங்களில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிட்டு, கட்டிங்கையும் தையலையும் மட்டும் தன் யூனிட்டில் வைத்துக்கொள்ளலாம். துணி ரோல்களை ஏற்றிய டெம்போக்கள் பகலெல்லாம் தெருவை அடைத்து ஓடுவது இதனால்தான். சில தையல் மெஷின்களே வைத்திருப்பவரும் ஏற்றுமதி ஆர்டரில் பங்கு பெறுகிறார். சாயமேற்றும் இயந்திரத்துக்கு அவர் முதல் போட வேண்டியதில்லை. அதே மெஷின்களைத் தனியாக ஒரு சிற்றூரில் கொண்டுபோய் வைத்தால் உடைந்த ஊசிக்குக்கூட டவுனுக்கு ஆள் அனுப்ப வேண்டும். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. துணி சாயத்துக்காக வெளியூர்களுக்குப் போய்வந்தது. தையல் திருப்பூரிலேயே நின்றது. பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் நிலையங்களோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

தொழிலாளியின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். முதல் வேலை உறவினரோ ஊர்க்காரரோ சொல்லிக் கிடைத்துவிடும். அது போனால் அடுத்த வேலை பக்கத்திலேயே கிடைக்குமா என்பதுதான் குடும்பத்தோடு வந்து தங்கத் தூண்டுகிறது. டெய்லர், செக்கிங், கைமடிக்கு ஆள் தேவை என்ற அட்டைகள் வாசலுக்கு வாசல் தொங்கும் தெருவில், கூலித் தகராறு வந்தால் அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போகலாம். இந்தப் பாதுகாப்பை மிகைப்படுத்தவும் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அந்த ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது 2019இல்தான். கட்டடமும் சாலையும் ஐந்து வருடம் காத்திருக்கும். வீட்டு வாடகையும் கடன் தவணையும் காத்திருக்காது. பெருநகரம் நிறுவனத்துக்குத் தரும் உறுதியைத் தொழிலாளிக்கு அதே அளவில் தருவதில்லை.

நிலமும் சலுகையும் கொடுத்தால் தொழில் எங்கும் போகும் என்பவர்கள் ஓசூரைக் காட்டுவார்கள். சிப்காட் தொழிற்பேட்டையும் பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும் அசோக் லேலண்ட், டைட்டன், டிவிஎஸ் மோட்டார் ஆகியவற்றை அங்கே கொண்டுவந்தது உண்மை. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அந்நகரின் பொறியாளர்களும் உதிரிபாகப் பட்டறைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். தெற்கே நாங்குநேரியிலும் நிலத்துக்குக் குறைவில்லை, தூத்துக்குடித் துறைமுகமும் அதிகத் தொலைவில்லை. அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக எடுத்த நிலம் நீண்ட காலம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. நெருங்கி இருப்பதன் ஈர்ப்பு மென்பொருளுக்குப் பொருந்தாது என்பதற்குத் தென்காசி அருகே 2011 முதல் இயங்கும் ஸோஹோ அலுவலகத்தைச் சான்றாகச் சொல்வதுண்டு. பள்ளி முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்றுவிக்கும் நிறுவனம் அது. பயிற்சி பெற்ற ஆட்களை வெளிச்சந்தையில் தேடும் நிறுவனங்களுக்கு அந்த வழி எளிதில்லை. அவை சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கே போகின்றன.

மழை பொய்த்து, விவசாயம் நொடித்துப்போனதால்தான் மக்கள் நகரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள் என்ற வாதம் இதைவிட வலுவானது. எனினும் ஊரைவிட்டுக் கிளம்புவதைத்தான் அது விளக்கும். போய்ச்சேரும் இடத்தை விளக்காது. 2001 முதல் 2011 வரை சென்னை மாவட்ட மக்கள்தொகை சுமார் 7 விழுக்காடுதான் கூடியது. அதைச் சூழ்ந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் வளர்ந்தன. வாடகையும் மனை விலையும் நகர மையத்திலிருந்து விரட்டியபோது பலர் புறநகரில்தான் இடம் தேடினர். 2015இன் வெள்ளமும் 2019இன் தண்ணீர்ப் பஞ்சமும் இந்தப் போக்கைத் திருப்பவில்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் மாநில அரசு ஆணையிட்டது. அரக்கோணம் பக்கத்து ஊர்களும் இப்போது அந்த எல்லைக்குள் இருக்கின்றன.