சுள்ளிப் பூஞ்சைகளும் லைக்கன்களும்

உதிர்ந்த கிளை, சுள்ளி, பட்டைத் துண்டு ஆகியவற்றின் மேல் கரும்புள்ளியாகவும் வெளிர்த் தேமலாகவும் தெரியும் நுண்ணுயிர்கள். பேச்சுவழக்கில் இவை எல்லாமே ‘பாசி’தான். உண்மையில் பூஞ்சைக்கும் பாசிக்கும் உறவே இல்லை. லைக்கனோ பாசியைத் தன்னுள் குடிவைத்து, அது சமைக்கும் உணவில் வாழும் பூஞ்சை. ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வென்டெனர் 1867இல் இதைச் சொன்னபோது லைக்கன் அறிஞர்களே பலர் ஏற்கவில்லை.

விருத்தாசலத்துக்கு மேற்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வேப்பூர் வறண்ட சமவெளி. இங்கே லைக்கன்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம்; பூஞ்சைகளுக்கு ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி வரை காத்திருக்க வேண்டும்.

சுள்ளியைக் கையில் எடுத்ததும் பெயர் தேடுவது வீண். அதன் மேல் இருப்பது விழுமுன்பே இருந்ததா, விழுந்தபின் வந்ததா என்பதே முதல் கேள்வி. லைக்கன் மிக மெதுவாக வளரும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஆகவே போன வாரம் விழுந்த கிளையில் உள்ளங்கை அகலத் தேமல் இருந்தால், அது உச்சிக் கிளையில் வெயில் காய்ந்து வளர்ந்தது. பூஞ்சைகளில் இரு வகையும் உண்டு. சில உயிருள்ள கிளைக்குள்ளேயே ஒளிந்திருந்து, அது பட்டதும் வெளியே தலைகாட்டும்.

பெயரிலேயே வேம்பை நினைவூட்டும் ஊரில் வேப்பஞ்சுள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். நுனி கருகி உதிர்ந்த சுள்ளியின் பட்டையில் குண்டூசித் தலையிலும் சிறிய கரும்புள்ளிகள் பட்டையைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் வித்துகள் நிறைந்த ஒரு குடுவை. ஓர் இரவு ஈரத்தில் வைத்தால் அதன் வாயிலிருந்து இடியாப்ப அச்சில் பிழிந்ததுபோல் வெளிறிய இழை நெளிந்து வரும். இழை முழுக்க வித்து. நுண்ணோக்கியில் இரண்டு எண்ணெய்த் துளிகளோடு நீள்வட்ட வித்துகளும், கொக்கிபோல் வளைந்த நூல் வித்துகளும் சேர்ந்து தெரிந்தால் அது ஃபோமாப்சிஸ். வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமான ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே, கர்நாடகத்து வேப்பமரங்களிலிருந்து 1997இல் விவரிக்கப்பட்ட இனம். ஆனால் விழுந்த சுள்ளியில் ஒரு பூஞ்சை இருப்பதாலேயே அதுதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கொலையாளிகள் அல்ல. வேம்பிலும், இந்தப் பக்கத்து முந்திரியிலும் தேயிலைக் கொசு குத்திய புண் வழியாக வேறு பூஞ்சைகளும் நுழைகின்றன.

பருத்த கிளைகளில் அடையாளம் எளிது. கரிக்கட்டை உருண்டையை உடைத்தால் உள்ளே வளையம் வளையமாகக் கோடு இருப்பது டால்டீனியா. மேலே நரைமுடி, அடியில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த செதில்கள் கொண்ட சிறு விசிறி ஸ்கைசோஃபில்லம்; வெயிலில் சுருண்டு, மழை பட்டதும் மறுபடி விரியும்.

லைக்கனுக்கு நகமே முதல் கருவி. தேமலை லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும். சிலவற்றில் மஞ்சளோ ஆரஞ்சோ தெரியும். பிந்தையது டிரென்டிபோலியா என்ற பாசியின் நிறம். பட்டையில் யாரோ பேனாவால் கிறுக்கியதுபோல் கருங்கோடுகள் உள்ள கிராஃபிஸ் இந்த வகை. சாம்பல் நிற வட்டமாகப் படரும் பிக்சீன் கோகோயஸ், டிரினேரியா இரண்டும் வெறுங்கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பிக்சீன் மஞ்சளாக ஒளிரும், டிரினேரியா ஒளிராது. கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு இதற்குப் போதும்.

வேதிச் சோதனை 1866இல் வில்லியம் நைலாண்டர் தொடங்கிவைத்தது. செட்டிநாட்டு மசாலாவுக்கு வாங்கும் கல்பாசியிலேயே செய்து பார்க்கலாம். அதுவும் மலைமரங்களில் வளரும் லைக்கன்தான். ஒரே பொட்டலத்தில் பல இனங்கள் கலந்திருக்கும். மேல்தோலைச் சுரண்டி, வெள்ளைச் சதையில் ஒரு துளி துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் வைத்தால், பார்மோட்ரீமா டிங்டோரம் உடனே சிவக்கும்; பார்மோட்ரீமா பெர்லேட்டம் சிவக்காது. சோதித்த துண்டைக் குழம்பில் போடக் கூடாது.

இதற்கு மேல் நுண்ணோக்கி இல்லாமல் நகர முடியாது. பூசணம்போல் படரும் ஹைபோமைசீட்களை நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கொண்டு பிரிக்காமல், வித்து எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொண்டு வகுக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்ரமணியன் (1924–2016). ‘ஹைபோமைசீட்ஸ்’ என்ற அவரது பெருநூல் 1971இல் வந்தது. ஒரே பூஞ்சைக்குப் பாலினப் பருவத்தில் ஒரு பெயர், பாலிலாப் பருவத்தில் இன்னொரு பெயர் என்றிருந்த குழப்பத்தை 2013இல் நடைமுறைக்கு வந்த விதி நீக்கியது. பழைய நூல்களைப் புரட்டுபவர்கள் இரண்டு பெயர்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. கைபேசிப் படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் சொல்பவரை நம்பத் தேவையில்லை; பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

வித்து இன்னும் வராத சுள்ளியை, நனைத்துப் பிழிந்த தாள் விரித்த பாத்திரத்தில் மூடிவைத்தால் சில நாளில் வந்துவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றும் அதன் மேல் கவிழ்க்க ஒரு தட்டும் போதும். சேகரிக்கும்போது காகித உறையே நல்லது. பிளாஸ்டிக் பையில் வேர்த்து, மறுநாளே வேறொரு பூசணம் பிடித்துவிடும். உறையின் மேல் தேதியோடு மரத்தின் பெயரையும் எழுத வேண்டும். பட்டை உரிந்த பிறகு அது வேம்பா முந்திரியா என்று கண்டுபிடிப்பது பூஞ்சையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.