வாசா கப்பலில் பூத்த மஞ்சள் தூள்

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டொக்ஹோம் துறைமுகத்திலிருந்து சுவீடனின் போர்க்கப்பல் வாசா முதன்முதலாகப் பாய் விரித்தது. 1,300 மீற்றர் அளவுதான் போனது. காற்றில் சரிய, பீரங்கி வாசல்களுக்குள்ளால் தண்ணீர் ஏறி மூழ்கிப்போச்சு. 333 வருடம் கழித்து, 1961 ஏப்ரல் 24 இல் அதை வெளியே எடுத்தபோது மரம் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

ஏன் உக்கவில்லை? மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவுக்கு பால்டிக் கடலில் உப்புக் காணாது. துறைமுக அடியில் நகரத்துக் கழிவு சேர்ந்து ஒட்சிசனும் குறைந்துவிட்டது. ஆனால் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். கூழ்முட்டை மணக்குமே, அந்த வாயுதான். அது மரத்துக்குள் ஊறி, கந்தகமாகவும், துருப்பிடித்த ஆணிகளின் இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாகவும் தங்கிவிட்டது.

தண்ணிக்குள்ள இருக்கும் வரை பிரச்சினை இல்லை. காற்றும் ஈரமும் பட்டால் இவை ஒட்சியேறி சல்பூரிக்கமிலமாகும். இரும்பு அந்தத் தாக்கத்தை வேகமாக்கும்.

மரம் சுருங்காமல் இருக்க 17 வருடம் பொலிஎதிலீன் கிளைக்கோல் தெளித்தார்கள். 1990 இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். வேலை முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. 2000 ஆம் ஆண்டின் மழைக்கோடையில் மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தூள் பூத்தது.

தூசி எண்டு துடைச்சுவிட்டால் கதை அதோட போயிருக்கும். அவர்கள் அமிலத்தன்மையை அளந்தார்கள், தூளை எக்ஸ் கதிரால் சோதித்தார்கள். வெள்ளையில் ஜிப்சமும் இரும்புச் சல்பேற்று உப்புகளும், மஞ்சளில் நாற்றோஜரோசைற்றும் இருந்தன. ஜரோசைற்று வகைக் கனிமம் கடும் அமிலத்தில்தான் உருவாகும். அதாவது, உள்ளே சல்பைட்டு சிதைகிறது என்பதற்கு அந்த மஞ்சளே சாட்சி. மரத்துக்குள் மிச்சமிருக்கும் கந்தகம் முழுவதும் ஒட்சியேறினால் 5,000 கிலோ வரை அமிலம் வரலாம் என்று 2002 இல் கணக்கிட்டார்கள்.

இதில ஒரு விசயம் கவனியுங்கோ. கப்பலை மீட்டவர்கள் இறுக்கிய புது இரும்பு ஆணிகளும் அந்தத் தாக்கத்துக்கு உதவின. பிறகு ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் தொகுதியைப் புதிதாக்கி, 2011 முதல் 2018 வரை 5,000 க்கும் மேற்பட்ட ஆணிகளைக் கழற்றித் துருவேறா உருக்கு ஆணிகள் போட்டார்கள்.

உள்ளே ஊறிய கந்தகத்தை முழுசா வெளியில எடுக்க வழியில்லை. அதனால் வாசாவை இன்றைக்கும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பழசு ஒண்டை மீட்டெடுத்தால், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆளும் காசும் வேணும். இல்லாட்டி மீட்டதில பலனில்லை.